சென்ட்ரிங் பிரித்த காலை

அந்தத் தளத்தின் அடிப்பக்கம் பச்சையாக இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேனா, இல்லை பிறகு எல்லோரும் பேசப் பேச எனக்குள் அந்த நிறம் ஏறிக்கொண்டதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில வேளைகளில் அது மயில் கழுத்து போல நினைவுக்கு வருகிறது. சில வேளைகளில் அடிபட்டு இரண்டு நாளான தோல் போல. நான் நர்ஸ் என்பதால் இரண்டாவது நிறத்தை நானே கொண்டுவந்து ஒட்டியிருக்கலாம். பேச்சுகளை ஓரளவு சரியாகவே நினைவு வைத்திருக்கிறேன் என்று நம்புகிறேன். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் தவறலாம்.

அப்போது நான் சிமெண்ட் ஆலையின் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். ஆலைக்குப் பின்தெருவில் ஒரு வீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். கீழே சூளைக்காரரும் அவர் மனைவியும். அவருக்கு வேறு பெயர் இருந்தது, ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஆலையின் முதல் சூளையை ஓட்டுகிறவர், அதனால் சூளைக்காரர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் ஆலைத் தொழிலாளிகளுக்குக் கையுறை தைத்துக் கொடுப்பாள். நான் காலையில் கண் விழிப்பதே அவளுடைய தையல் மிஷின் சத்தத்தில்தான்.

சூளை என்றால் செங்கல் சூளை மாதிரி இல்லை. ஒரு தெரு நீளத்துக்குப் படுத்திருக்கிற இரும்புக் குழாய். லேசாகச் சாய்ந்து, தூக்கத்தில் புரள்கிற மனிதனைப் போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேல் முனையில் சுண்ணாம்புக்கல் மாவு உள்ளே போகும். கீழ் முனையில் நெருப்பு. வெளியே வருவது கருங்குண்டுகள். அதைக் கிளிங்கர் என்பார்கள், அதை அரைத்தால் சிமெண்ட். எல்லாவற்றையும் ஓர் அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கலாம் என்று ஆகிவிட்ட பிறகும், அவர் மட்டும் வேலைக்கு வந்ததும் ஒரு தடவை கீழ் முனைக்குப் போய், நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து நெருப்பைப் பார்த்துவிட்டு வருவார்.

"திரையில நம்பர்தான் தெரியும் சிஸ்டர். முகம் தெரியாது," என்பார்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. முன்பெல்லாம் அந்தத் தெருவில் கொடியில் துணி போட்டால் எடுக்கும்போது சாம்பல் பூத்திருக்குமாம். பெரிய துணிப்பைகளைப் புகைபோக்கியில் கட்டித் தூசியைப் பிடிக்க ஆரம்பித்த பிறகு தெரு சுத்தமானது. புகைபோக்கியைக் காட்டி, "ஏதாச்சும் தெரியுதா பாருங்க, ஒண்ணும் தெரியாது," என்று விருந்தாளிகளிடம் சொல்வார். வெறும் வானத்தைக் காட்டிப் பெருமைப்பட்ட ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஒருநாள் ஆலைக்குப் புதிதாக வந்த இன்ஜினியர் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு நடத்தினார். அன்று மாலை அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அக்கா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பருப்பும் சோறும், அவித்த முட்டையும்.

"சிஸ்டர், ஒரு லாரி கல்லு சூளைக்குள்ள போனா எவ்வளவு வெளிய வரும்?"

"எனக்கென்னண்ணே தெரியும்? ஒரு லாரிதானே வரணும்?"

"வராது. பாதிக்குக் கொஞ்சம் கம்மியா காணாமப் போயிடும். எனக்கு வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து இது தெரியும். நஷ்டம்னு ஒரு கட்டத்துல எழுதுவோம். எங்க போச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

"எங்க போச்சு?"

"மேல. கல்லுக்குள்ள இருந்த காத்து. நெருப்பு பட்டதும் கல்லு அத விட்டுடுது. இத்தன நாளா புகைனா நிலக்கரின்னு நெனச்சுட்டிருந்தேன். நிலக்கரிய மாத்தலாம், குப்பைய எரிக்கலாம், உமிய எரிக்கலாம். ஆனா கல்லு விடுற காத்துதான் நிலக்கரி விடுறத விட அதிகமாம். அத என்ன பண்றது? அது வெளிய போனாத்தான் சிமெண்டே ஆகும். நான் தூசியப் பிடிச்சேன்னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். கண்ணுக்குத் தெரிஞ்சதப் பிடிச்சுட்டு, தெரியாதத விட்டிருக்கேன்."

"காத்துதானே? போகட்டும் விடுங்க. முட்ட ஆறுது," என்றாள் அக்கா.

"அது போற காத்து இல்ல. மேலயே நிக்கும். போர்வை மாதிரி. பூமி சூடாகுறது, கடல் ஏறுறது, பருவம் தப்பி மழை கொட்டுறது எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்காம். உலகத்துல ஆகுற மொத்தக் காத்துல நம்ம தொழிலுக்கு மட்டும் தனிப் பங்கு போட்டுக் காட்டுறான் அந்தப் புது இன்ஜினியர். சின்னப் பங்கு இல்ல."

"கேட்டியா சிஸ்டர். பக்கத்து வீட்டுக் கோழி முட்ட போடலன்னாலும் இனி இவர்தான் காரணம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் முட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர்களுக்கு ஒரே மகள். கடலோர நகரம் ஒன்றில் குடும்பத்தோடு இருந்தாள். மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த வருடம் பெய்த மழையில் கடல் தண்ணீரும் சேர்ந்துகொண்டு அவள் வீட்டுக்குள் புகுந்தது. முந்தின வருடமும் புகுந்திருந்தது. மகள் போனில் பேசும்போது அக்கா சத்தத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வைப்பாள்.

"கட்டில் கால் முங்கிடுச்சும்மா. பாப்பாவ அலமாரி மேல உக்கார வெச்சிருந்தேன். இனிமே இங்க முடியாது. அவர் வேலைய விட முடியாது. நானும் பாப்பாவும் மட்டும் அங்க வந்துடுறோம். இடம் இருக்குமா?"

"என்னடி கேள்வி இது? இடம் இல்லன்னா கட்டிக்குறோம்," என்றாள் அக்கா.

சூளைக்காரர் போனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மகள் "அப்பா இருக்காரா?" என்று கேட்டபோது அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போயிருக்கார்," என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் காலியிடம் இருந்தது. அங்கே மகளுக்கு ஓர் அறை எழுப்புவதென்று முடிவானது. கட்டப்போவது அக்காவின் தம்பி, மேஸ்திரி. ஒட்டடைக்குச்சி மாதிரி ஆள், நாலு பேர் வேலையை ஒருவராகச் செய்வார், எட்டுப் பேர் பேச்சை ஒருவராகப் பேசுவார். ஊரில் பாதி வீடுகள் அவர் கை வைத்தவை.

அந்தச் சமயத்தில்தான் ஆலையில் புது சிமெண்ட் போட ஆரம்பித்திருந்தார்கள். இரும்பாலையில் இரும்பு உருக்கும்போது மேலே மிதந்து வழிகிற கசடைக் கொண்டுவந்து, அரைத்து, கிளிங்கரோடு கலப்பது. மூட்டையில் பாதிக்கு மேல் கசடு. அந்த அளவுக்குக் கல்லைச் சுடவேண்டியதில்லை, கல்லுக்குள் இருப்பது கல்லுக்குள்ளேயே இருக்கும். கிளிங்கர் தேவை குறைந்ததால் இரண்டாவது சூளையை அணைத்துவிட்டார்கள். அதில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஊரில் அந்த மூட்டைக்கே கசடு என்றுதான் பேர்.

சூளைக்காரர் பின்வாசலில் அந்த மூட்டைகளை இறக்கிய அன்று நான் மாடிப்படியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"என்ன மாமா இது?" மேஸ்திரி ஒரு மூட்டையைக் காலால் தட்டினார். "அக்கா பொண்ணுக்கு வீடு கட்டுறோமா, இல்ல இரும்பாலைக் குப்பையக் கொட்ட இடம் பாக்குறோமா?"

"நல்ல சிமெண்ட் மாப்ள. கடைசில பழசவிட கெட்டி. உப்புத் தண்ணி கூட உள்ள போகாது."

"உங்க சிமெண்ட நீங்க குறைவா சொல்லுவீங்களா? எம் பொண்டாட்டி அவ வெக்கிற ரசத்தப் பத்திப் பேசுற மாதிரி இருக்கு."

"என் பொண்ணு எதனால வீட்ட விட்டு வர்றா? அவளுக்குக் கட்டுற வீட்டுக்கும் அதே கல்லச் சுட்டு அதே காத்த விடணுமா? என்னால முடியாது மாப்ள. இதுலதான் கட்டணும்."

மேஸ்திரி கொஞ்சநேரம் அவரைப் பார்த்தார். பிறகு கேலியை விட்டுவிட்டு, தொழில்காரனின் குரலில் கேட்டார்.

"சரி. இதுக்குப் பக்குவம் ஏதும் மாறுமா? கலவை, தண்ணி, நாளு?"

"எப்பவும் போலத்தான்."

"சென்ட்ரிங் எடுக்குற நாளு?"

"அதான் சொன்னேனே. எப்பவும் போலத்தான்."

இவ்வளவுதான் பேச்சு. நான் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சுவர் எழும்பி, கூரைத் தளம் போட்ட நாள் நல்ல குளிர். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. கலவை மிஷின் விடியலிலேயே உறுமத் தொடங்கிவிட்டது. கம்பி கட்டி, அடியில் பலகை அடைத்து, பலகைக்குக் கீழே காடு மாதிரி முட்டுகள் நின்றன. தளம் இறுகும்வரை தாங்குகிற இந்தப் பலகையும் முட்டும்தான் சென்ட்ரிங். பெண்கள் சட்டி சட்டியாகக் கலவையைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். மேஸ்திரி தளத்தின் மேல் முழங்கால் போட்டு மட்டப்பலகையை இழுத்துக்கொண்டே, கீழே இருக்கிற ஒவ்வொருவரையும் வம்புக்கு இழுத்தார்.

"அந்தச் சட்டிய கொஞ்சம் நிறைச்சுத் தூக்கும்மா, கல்யாண வீட்டுல பாயசம் ஊத்துற மாதிரி ஊத்தாத!"

"நிறைச்சுத் தூக்கினா நீ வந்து எங்க இடுப்பப் பிடிச்சு விடுவியா?"

"உம் புருஷன்கிட்ட அனுமதி வாங்கிட்டு வா!"

சூளைக்காரரும் லீவு போட்டுவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு சட்டி தூக்கினார். அவர் சுமந்து நான் பார்த்தது அன்றுதான். சிமெண்ட் செய்கிறவர், சிமெண்டால் ஒன்றைச் செய்து அதுவரை பார்த்ததில்லை என்று சொன்னார். நான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினேன். வேலை முடிந்து, மறுநாள் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியபோது, அவர் ஏணியில் ஏறி நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பனி அதன் மேல் படிந்திருந்தது. அவர் முகத்தில் நான் வெகுகாலமாகப் பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வலிக்கிறது. அது உண்மையான நிம்மதி.

அதற்குப் பிறகு குளிர் இன்னும் இறங்கியது. பிறகு சூளையில் கோளாறு. உள்ளே பதித்திருக்கிற நெருப்புச் செங்கல் ஒரு இடத்தில் உதிர்ந்து, வெளி இரும்பில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. விட்டால் குழாயே உருகி வளைந்துவிடும். சூளைக்காரர் ஆலையிலேயே தங்கிவிட்டார். மாற்று உடையும் சாப்பாடும் இங்கிருந்து போயின. ஒருநாள் சாயங்காலம் அவர் போன் செய்தார். அக்கா தையல் மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"சாப்பிட்டீங்களா? ... அந்தக் கம்பளிச் சட்டையப் போட்டுக்கங்க. ... ஆங், சொல்ல மறந்துட்டேன், தம்பி நாளைக்குக் காலைல சென்ட்ரிங்கப் பிரிக்கிறானாம். வேற இடத்துக்கு முட்டு வேணுமாம். ... என்ன? ... சரி சரி, வேலையப் பாருங்க."

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தேன். முட்டுகளைத் தட்டித் தட்டி எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் மேஸ்திரியின் பாட்டு. பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. மரத்திலிருந்து ஒரு கனமான கிளை முறிகிற மாதிரி, இழுவையாக. பாட்டு நின்றது.

நான் ஓடினேன். தளம் முழுதாக விழவில்லை. நடுப்பகுதி தொட்டில் துணி போலத் தொங்கியது, ஒரு பக்கம் உடைந்து கம்பிகள் வெளியே வளைந்து நின்றன. உடைந்து விழுந்த பாளத்துக்குக் கீழே மேஸ்திரியின் இடது கால். அவர் கத்தவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சையா இருக்கு சிஸ்டர். அடியெல்லாம் பச்சையா இருக்கு. அழுகிப் போச்சு," என்றார்.

நானும் அண்ணாந்து பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அவர் காலை மட்டும்தான் பார்த்தேன்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் உடைந்திருந்தன, மூட்டும் நசுங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். திரும்பி எங்கள் வார்டுக்கு வந்தபோது கால் பத்திரமாக இருந்தது, மூட்டு மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மடங்காத காலோடு சாரத்தில் ஏற முடியாது.

சூளைக்காரர் ஒவ்வொரு நாளும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவார். மேஸ்திரிதான் பேசுவார்.

"நீங்க எதுக்கு மாமா முகத்த இப்படி வெச்சுக்குறீங்க? ஆலைக்காரனுங்க உங்கள ஏமாத்திட்டானுங்க. சம்பளம் குடுக்குறான்னு அவன் சொன்னத நம்பினீங்க. உங்க மேல தப்பில்ல. நல்லவேளை, பாப்பா வந்து படுத்த பிறகு விழல."

சூளைக்காரர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருப்பார். உரித்ததைக் கொடுக்க மறந்துவிடுவார். நான்தான் அவர் கையிலிருந்து வாங்கி மேஸ்திரிக்குக் கொடுப்பேன்.

ஊர் முழுக்கப் பச்சையைப் பற்றித்தான் பேச்சு. பூஞ்சை என்றார்கள், விஷம் என்றார்கள். கட்டட வேலைக்காரர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கசடு மூட்டையை இனி யாரும் தொடுவதில்லை என்று தீர்மானம் போடப்போவதாகவும், அதற்கு முன் ஆலைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கப்போவதாகவும் சொல்லி அனுப்பினார்கள். தீர்மானம் நிறைவேறினால் மூட்டை விற்காது. விற்காவிட்டால் இரண்டாவது சூளையை மறுபடி மூட்டுவார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அக்கா என்னைக் கீழே கூப்பிட்டாள். பின்வாசலில் சூளைக்காரர் உடைந்த பாளம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நீயும் கேளு சிஸ்டர். இவர் என்னமோ சொல்றார், எனக்குப் புரியல. புரியாமலே இருந்திருக்கலாம்."

அவர் நிமிரவில்லை.

"அந்தப் பச்சை ஒண்ணும் இல்ல. கசடு போட்டா அப்படித்தான் இருக்கும். காத்துப் பட்டா வெளுத்துடும். இந்தா, இது அன்னைக்கு விழுந்ததுதான், இப்பப் பாருங்க, சாம்பலாயிடுச்சு. சிமெண்ட்ல கோளாறு இல்ல. ஆனா அது மெதுவா இறுகும். குளிர்ல இன்னும் மெதுவா. முட்டுகள ரெண்டு மடங்கு நாள் விட்டு வெக்கணும். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"சொன்னா அவன் வேணாம்னு சொல்லியிருப்பான். அவனுக்கு அந்த முட்டு அடுத்த இடத்துக்கு வேணும். பழைய சிமெண்டக் கொண்டாங்கன்னு சொல்லியிருப்பான். முதல்ல தளம் விழட்டும், நாள் வரும்போது தடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

தளம் விழட்டும் என்று அவர் சொன்னது தளம் அமையட்டும் என்ற பொருளில்தான், கட்டட வேலையில் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் சொன்னதும் அவரே பேச்சை நிறுத்திவிட்டார்.

"போன்ல சொன்னேனே, நாளைக்குப் பிரிக்கிறான்னு," என்றாள் அக்கா. "சூளை சத்தத்துல கேட்டிருக்காதுன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."

"கேட்டுச்சு."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்லாக் கேட்டுச்சு. நிறுத்தச் சொல்லுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு அவன் கேப்பான். தாங்கிடும்னு நெனச்சேன். தாங்கிடும், தாங்கிடும்னு சூளையச் சுத்திச் சுத்தி வந்தேன்."

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. அக்கா கீழே கிடந்த ஓர் ஆணியை எடுத்து, மண்ணைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் பேசினாள், கோபமே இல்லாமல்.

"நாளைக்குச் சிமெண்ட் சரியில்லன்னு சொல்லிடுங்க."

"அது பொய்."

"ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாச்சு, இன்னொண்ணு சொன்னா என்ன? சிமெண்ட் நல்ல சிமெண்டுன்னா எந்தம்பி கெட்ட மேஸ்திரின்னு அர்த்தம். கால்தான் போச்சு, பேராச்சும் இருக்கட்டும். சிமெண்ட் மேல பழியப் போட்டா சிமெண்டுக்கு வலிக்குமா?"

"ரெண்டாவது சூளைய மூட்டுவாங்க."

"மூட்டட்டும். நாலு வீட்டுல அடுப்பு எரியும்."

"நம்ம பொண்ணு வீட்டுல தண்ணி..."

"பொண்ணு இங்க வரப்போறா!" அக்காவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "உலகத்துக்குப் பாவம் பண்ணிட்டேன், பாவம் பண்ணிட்டேன்னு புலம்பினீங்களே, அத என் தம்பி காலாலதான் கழுவணுமா?"

நான் மாடிக்கு ஏறிப் போனேன். அவள் கேட்ட கேள்வி இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாத கேள்வியாகவே இருக்கிறது.

சங்கக் கட்டடம் ஒரு நீள அறை. தகரக் கூரை, மடக்கு நாற்காலிகள், மூலையில் யாரோ வைத்துவிட்டுப் போன கரணைகளும் சுண்ணாம்பு வாளியும். தலைவர் பூச்சு வேலைக்காரர், வயதானவர், விரல்கள் வெடித்து வெளுத்திருக்கும். மேஸ்திரியை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். புது இன்ஜினியர் ஏதோ படம் வரைந்து விளக்க ஆரம்பித்தார், பின்னாலிருந்து ஒருவர், "தம்பி, படம் கீழ விழாது, தளம்தான் விழும்," என்றதும் சிரிப்பில் அவர் பேச்சு அமுங்கிப்போனது. "ரெண்டாவது சூளைய மூட்டுங்கப்பா!" என்று இன்னொரு குரல்.

தலைவர் கையமர்த்தினார். "சூளைக்காரர் சொல்லட்டும். அவர் வீட்டுத் தளம்தான விழுந்தது. அவர் சொன்னா சரி."

சூளைக்காரர் எழுந்தார். அக்கா கதவோரம் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

"சிமெண்ட் நல்ல சிமெண்ட். மேஸ்திரி நல்ல மேஸ்திரி," என்றார்.

"அப்புறம் என்ன பேயா தள்ளிச்சு?"

"நான்தான். முட்டுகள ரெண்டு மடங்கு நாள் விடணும்னு எனக்குத் தெரியும். மேஸ்திரி கேட்டார். எப்பவும் போலத்தான்னு சொன்னேன். பிரிக்கப் போறாங்கன்னு முந்தின நாளே தெரியும். அப்பவும் வாயத் திறக்கல."

தகரக் கூரையில் ஏதோ பறவை நடக்கிற சத்தம் கேட்டது. மேஸ்திரிதான் முதலில் பேசினார். அவரை அவ்வளவு மெல்லிய குரலில் நான் கேட்டதே இல்லை.

"ரெண்டு தடவ கேட்டேன் மாமா."

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ காத்திருக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"நான் காத்திருக்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க." கட்டுப் போட்ட காலைக் கையால் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "எம் பொண்ணுக்குத்தான் இது, எனக்காகக் கொஞ்சம் காத்திருடான்னு சொல்லியிருந்தா, வேற எங்கயாச்சும் முட்டு இரவல் வாங்கிப் போட்டிருப்பேன். அவ எனக்கும் பொண்ணுதான. உலகத்துக்காகன்னு சொன்னா சிரிச்சிருப்பேன். ஆனா போட்டிருப்பேன்."

சூளைக்காரர் அப்படியே நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தலைவர் கடைசியில் தொண்டையைச் செருமினார். "மேஸ்திரி மேல தப்பில்லன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க. அது முடிஞ்சுது. சிமெண்ட் விஷயம். அது நல்லதாவே இருக்கட்டும். ஆனா அதச் செய்யறவரே சொந்த மச்சினன்கிட்ட உண்மையச் சொல்லாமதான் அத விக்க முடியுதுன்னா, நாளைக்கு எனக்கு யாரு சொல்லுவா? நாங்க மூட்டைய நம்பறது இல்லைங்க. சொல்ற ஆளத்தான் நம்புறோம்."

தீர்மானத்துக்குக் கைகள் உயர்ந்தன. எத்தனை என்று எண்ணத் தேவை இருக்கவில்லை.

அக்கா என்னோடு நடந்து வீட்டுக்கு வந்தாள். சூளைக்காரர் எங்களுக்கு வெகுதூரம் பின்னால் வந்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் சோறு வடித்தாள், அவர் தட்டில் போட்டாள், தண்ணீர் வைத்தாள். பிறகு தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் முழுவதும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குளிர் முடிவதற்குள் இரண்டாவது சூளையை மூட்டினார்கள். ஆறிப்போன சூளையைச் செங்கல் வெடிக்காமல் சூடேற்ற அனுபவம் உள்ள ஆள் வேண்டும். அதனால் சூளைக்காரரையே கூப்பிட்டார்கள். அவர் போனார், மூட்டினார். வேலையில்லாமல் இருந்தவர்கள் எல்லோரும் திரும்ப எடுக்கப்பட்டார்கள், அவர்களில் சிலர் அவருக்கு நன்றி சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை அதையே ஓட்டினார்.

புது இன்ஜினியர் வேறு ஆலைக்கு மாற்றப்பட்டார். பல வருடம் கழித்து அந்தக் கலப்பு சிமெண்ட் வேறு பெயரில் ஊர்க் கடைகளுக்கு வந்தது. குளிரில் முட்டு எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று மூட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். கொத்தனார்கள் முணுமுணுத்துக்கொண்டு வாங்கினார்கள். இப்போது அதுதான் விற்கிறதாம்.

பின்வாசல் அறையைப் பழைய சிமெண்டில் மேஸ்திரியின் ஆட்கள் கட்டி முடித்தார்கள். மகளும் குழந்தையும் வந்தார்கள். மருமகன் விடுமுறைக்கு வந்து போகிறார். அவர்களுடைய கடலோர வீட்டை இப்போது யாரும் வாடகைக்குக்கூட எடுப்பதில்லை. தளம் எப்படி விழுந்தது என்று மகளுக்கு யாரும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை.

அக்கா கையுறை தைப்பதை நிறுத்திவிட்டாள், கண் சரியில்லை. நான் மாற்றலாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

மேஸ்திரி சாரத்தில் ஏறுவதில்லை. தரையில் உட்கார்ந்து செய்கிற வேலையாக, தரைக்கல் பதிக்கிறார், ஒரு காலை நீட்டிக்கொண்டு. வாய் பழையபடிதான். அக்கா வீட்டுக்கு அடிக்கடி வருவார். சூளைக்காரரோடு பேசுவார், மாமா என்றே கூப்பிடுவார், கேலியும் உண்டு. கவனித்துப் பார்த்தால்தான் தெரியும், அவரிடம் எதையும் கேட்பதில்லை. மணி என்ன என்றுகூட.